முதல் புத்தகத்துக்கு முன் சம்பாதிக்க வேண்டிய மனிதர்கள்

நாவல் எழுதுகிறவர் கதவைச் சாத்திக்கொண்டு எழுதிவிடலாம். வரலாறு, தொழில், ஊர், ஒருவரின் வாழ்க்கை என்று நடந்ததை எழுத வருகிறவருக்கு அந்த வசதி கிடையாது. தகவல் ஒருவரிடம் இருக்கும், படம் இன்னொருவர் வீட்டுப் பரணில் இருக்கும், பழைய அறிக்கை ஏதோ ஒரு நூலகத்தின் அடுக்கில் இருக்கும். பெரிய எழுத்தாளர்கள் நாலு பேரோடு நின்று படம் எடுத்துக்கொள்வதைத்தான் இலக்கிய உலகத் தொடர்பு என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் படங்களால் ஒரு பக்கம்கூட நிரம்பாது. புத்தகத்தை நிரப்பித் தருகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்களை எப்படி அணுகுவது, அணுகிய பிறகு எப்படிக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பது என்பதற்கான குறிப்புகள் இவை. பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, தூத்துக்குடி உப்பளங்களைப் பற்றி உங்கள் முதல் நூலை எழுதப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

1. எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டு ஐந்து பத்தி பிரியுங்கள்: பெயர், ஊர், அவர் கொடுத்தது, நான் கொடுக்க வேண்டியது, தேதி. நாலாவது பத்திதான் முக்கியம். இரவல் புத்தகம், எடுத்த படத்தின் பிரதி, ‘அனுப்புகிறேன்’ என்று வாய்தவறிச் சொன்ன கட்டுரை, எல்லாம் அதில் ஏறட்டும். மாதம் ஒருமுறை அந்தப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள். கைபேசியில் எண்ணைப் பதியும்போது பெயரோடு ஊரையும் விஷயத்தையும் சேர்த்துப் பதியுங்கள். உப்பள ஊரான முள்ளக்காட்டுக்காரர் என்றால் ‘முள்ளக்காடு உப்பு’ என்று தேடினால் ஆள் கிடைத்துவிடுவார். வெறும் பெயராகப் போட்டு வைத்தால், ஆறு மாதம் கழித்து எந்த முருகன் எந்த ஊர் என்று திண்டாட வேண்டும்.

2. நீங்கள் யார், என்ன எழுதுகிறீர்கள், அவரிடம் ஏன் வந்தீர்கள் என்று மூன்றே வாக்கியத்தில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். மூன்றாவது வாக்கியத்தைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். “உங்க அப்பா இந்தப் பாத்திகள்ல கணக்கு எழுதுனவர்னு சொன்னாங்க, அதான் வந்தேன்” என்று சொன்னால் நாற்காலி வரும். “ஒரு புக் எழுதுறேன் சார், கொஞ்சம் இன்பர்மேஷன் வேணும்” என்றால் வாசலோடு பேச்சு முடியும்.

3. அச்சில் இருப்பதைப் படித்துவிட்டுப் போங்கள். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986இல்தான். அதற்கு முந்தைய ஆவணங்களை அந்தப் பெயரில் தேடினால் ஒன்றும் அகப்படாது, திருநெல்வேலி என்று தேட வேண்டும். பேட் தொகுத்து 1917இல் வெளிவந்த திருநெல்வேலி மாவட்ட கெஜட்டியரை ஒருமுறை புரட்டிவிட்டுப் போகிறவரிடம் பேராசிரியரும் உப்பள முதலாளியும் பேசும் தொனியே வேறாக இருக்கும். புத்தகத்தில் உள்ளதை மனிதர்களிடம் கேட்டு அவர்கள் நேரத்தைத் தின்னக் கூடாது.

4. நூலகரிடம் நூலின் பெயரை மட்டும் சொல்லிச் சீட்டு நீட்டாதீர்கள், எதைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நான் பார்த்தவரை, அபுனைவு எழுத்தாளருக்குக் கிடைக்கக்கூடிய ஆகப்பெரிய உறவு இதுதான். எழும்பூரில் இருக்கும் கன்னிமாரா நூலகம் 1896இல் திறக்கப்பட்டது. இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி சட்டப்படி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர்க்காரரான முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள், இதழ்கள், நோட்டீசுகளை அடித்தளமாகக் கொண்டு 1994இல் உருவானது. புதுக்கோட்டை ஞானாலயாவோ கிருஷ்ணமூர்த்தி, டோரதி என்ற ஆசிரியர் தம்பதி தங்கள் சொந்தப் பணத்தில் கட்டி எழுப்பியது. இங்கெல்லாம் பட்டியலில் ஏறாத அறிவு ஒன்று உண்டு. அது அங்கே வேலை பார்ப்பவர்களின் தலைக்குள் இருக்கிறது. ‘உப்பு’ என்று தேடினால் அட்டவணை சில தலைப்புகளைக் காட்டும். பழைய வணிக இதழ் ஒன்றில் உப்பு வியாபாரிகள் கொடுத்த விளம்பரம் இருப்பதை அட்டவணை காட்டாது. அந்தக் கட்டைப் பிரித்து அடுக்கியவர் காட்டுவார். நீங்கள் ஊர் திரும்பிய மறுவாரம் இன்னொன்று அவர் கண்ணில் பட்டால், கூப்பிட்டும் சொல்வார். அதற்கு அவருக்கு உங்கள் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

எழும்பூர் ஆவணக் காப்பகம் போன்ற இடங்களுக்குப் போகுமுன் தொலைபேசியில் விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அடையாள அட்டை, ஆய்வு எதைப் பற்றியது என்று சொல்லும் கடிதம், பென்சில் மூன்றையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய காகிதம் இருக்கும் மேசையில் மைப்பேனாவைத் திறப்பவரை எந்த ஊழியரும் இரண்டாம் முறை சிரித்த முகத்தோடு வரவேற்க மாட்டார். கட்டை எடுத்து வந்து தருகிற உதவியாளரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வதும் நல்லது. மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்குகிறவர் அவர்தான்.

5. களத்துக்குப் போகும் நேரத்தை அவர்களின் வேலை தீர்மானிக்கட்டும். உப்பளத்தில் விடியுமுன்பே பாத்தியில் இறங்கிவிடுவார்கள். வெயில் ஏறிவிட்டால் வெள்ளைப் பரப்பிலிருந்து அடிக்கும் கூச்சத்தில் கண் திறக்க முடியாது. வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகுதான் பேசுவதற்கான மனநிலை வரும். ஆகவே சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போங்கள். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாத்திகளில் தண்ணீர் நிற்கும், வேலை இருக்காது. அப்போது நேரம் நிறைய இருக்கும், கையில் காசு இருக்காது. அந்த மாதங்களில் அவர்கள் பேசுவது கோடையில் பேசுவதைப் போல இருக்காது. இரண்டு பருவத்திலும் போய்க் கேட்டவர்தான் முழுதாகக் கேட்டவர்.

முதல் நாள் உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“என்ன தம்பி, பேப்பர்ல இருந்து வாரியளா?”

“இல்ல அண்ணாச்சி. உப்பளத்தப் பத்தி ஒரு புத்தகம் எழுதலாம்னு...”

“எழுதி?”

இந்தக் கேள்விக்குப் பதிலை வீட்டிலேயே யோசித்து வைத்துக்கொண்டு போங்கள். கூலி கூடும், அரசாங்கம் கவனிக்கும் என்றெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்தால், அடுத்து அந்த ஊருக்குப் போகிற எழுத்தாளனுக்குச் சேர்த்து நீங்கள் கதவைச் சாத்துகிறீர்கள். “நீங்க சொல்றது அச்சுல இருக்கும், உங்க பிள்ளைக படிக்கலாம். அதுக்கு மேல என்னால ஒண்ணும் சொல்ல முடியாது அண்ணாச்சி” என்பது போதும். அவ்வளவுதானா என்று எழுந்து போகிறவர் போகட்டும். உட்கார்ந்து பேசுகிறவர் கடைசிவரை உங்களோடு இருப்பார்.

முதல் நாளே ஒலிப்பதிவை எடுத்து நடுவில் வைக்க வேண்டாம். காபி வந்தால் குடியுங்கள். சர்க்கரை கூடுதலாக இருக்கும், குடித்து முடியுங்கள்.

6. ஒலிப்பதிவுக்கு வாய்விட்டு அனுமதி கேளுங்கள், அந்த அனுமதியும் பதிவாகட்டும். பெயர் போடலாமா என்பது அதிலிருந்து தனிக் கேள்வி. கங்காணியைப் பற்றியோ ஒப்பந்தக்காரரைப் பற்றியோ குறை சொன்னவர் மறுநாள் அவரிடம்தான் வேலைக்குப் போயாக வேண்டும். “போட்டுக்கங்க, எனக்கென்ன பயம்” என்று ஆத்திரத்தில் சொன்னதை நம்பி அச்சேற்றிவிடாமல், நாலு நாள் கழித்து அமைதியாக இருக்கும்போது மறுபடி கேளுங்கள். சந்தேகம் என்றால் பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டு, மாற்றியிருக்கிறேன் என்று முன்னுரையில் சொல்லிவிடுங்கள்.

7. தகவலுக்குப் பணம் கொடுக்கலாமா? கூடாது என்பது என் கட்சி. காசுக்குச் சொல்லப்படும் கதை காசுக்குத் தக்கபடி நீளும். ஆனால் உங்களுக்கு இடம் காட்டுவதற்காக ஒருவர் ஒரு நாள் வேலையை விட்டு வந்தால், அந்த நாள் கூலியைக் கையில் கொடுத்துவிடுங்கள். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

8. பழைய போட்டோ ஆல்பத்தை வீட்டுக்கு எடுத்துப்போகக் கேட்காதீர்கள். அவர்கள் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தொலைந்தால் அந்த உறவு அதோடு சரி. அங்கேயே, அவர்கள் கண் முன்னால் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்குச் சில கைப்பழக்கங்கள். ஜன்னலோரத் தரையில் ஆல்பத்தை விரித்து வையுங்கள். நேர் வெயில் படக்கூடாது, வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய படமென்றால் கண்ணாடியில் உங்கள் சட்டைதான் தெரியும். கறுப்புத் துண்டு ஒன்றை உங்கள் முன்னால் ஒருவரை விரித்துப் பிடிக்கச் சொல்லி, அதன் மேல்விளிம்புக்கு மேலே கைபேசியை மட்டும் நீட்டி எடுங்கள், பிரதிபலிப்பு போய்விடும். ஆல்பத்தில் ஒட்டிய படத்தைப் பிய்க்கவே கூடாது. பின்புறம் ஸ்டூடியோ முத்திரையோ தேதியோ தெரிந்தால் அதையும் எடுங்கள். படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று பாட்டி விரல் வைத்துச் சொல்லும்போது, இடமிருந்து வலம் என்று அப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பியதும் நல்ல படங்களாக நாலைந்தைப் பெரிதாக அச்சுப் போட்டு அந்த வீட்டுக்கு அனுப்புங்கள். மங்கிப்போன கல்யாணப் படம் புதிதாக, பெரிதாக வந்து சேர்ந்த வீட்டில் அடுத்த தடவை உங்களுக்குத் தனிச் சாப்பாடு உண்டு. புத்தகத்தில் போடும்போது படத்துக்குக் கீழேயே யாருடைய சேகரிப்பு என்று அச்சிடுங்கள்.

9. அதிகாரிகளிடம் முதலில் நேரில் கேளுங்கள், கிடைக்காவிட்டால் மட்டும் தகவல் உரிமைச் சட்டத்துக்குப் போங்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போடலாம், முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். ஆனால் எடுத்த எடுப்பில் மனுவை நீட்டினால், மேசைக்கு அந்தப்பக்கம் இருப்பவருக்கு நீங்கள் எதிராளி. பல புள்ளிவிவரங்கள் ஆண்டறிக்கையிலேயே அச்சாகி அவர் அலமாரியில் இருக்கும். மனு போடத்தான் வேண்டும் என்றால் எந்த அரசுடைய விஷயம் என்று முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உப்பு ஆணையர் அலுவலகம் மத்திய அரசைச் சேர்ந்தது, தலைமையகம் ஜெய்ப்பூரில் இருக்கிறது. மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தரும் ஐயாயிரம் ரூபாய் நிவாரணமோ மாநில அரசுடையது. இங்கே கேட்க வேண்டியதை அங்கே கேட்டால் ஒரு மாதம் வீண்.

10. பேராசிரியர்கள், துறை வல்லுநர்களுக்கு எழுதும் முதல் கடிதத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக அது இருக்கட்டும். ‘உப்பளத் தொழிலாளர் வரலாறு பற்றி எனக்கு வழிகாட்டுங்கள்’ என்பது கேள்வியே இல்லை, சுமை. ‘உங்கள் கட்டுரையில் 1930க்கு முந்தைய கூலி விவரம் ஓர் அட்டவணையில் இருக்கிறது, அதற்கு மூலம் எந்த அறிக்கை?’ என்றால் அன்றைக்கே பதில் வரும். நீங்கள் அவரைப் படித்திருக்கிறீர்கள் என்பதும் சொல்லாமலே தெரிந்துவிடும். பதில் வந்ததும் நன்றி சொல்லுங்கள். அவர் காட்டிய அறிக்கையைத் தேடிப் பார்த்த பிறகு, என்ன கிடைத்தது என்று இன்னொரு வரி எழுதுங்கள். இந்த இரண்டாவது கடிதத்தை எழுதுகிறவர்கள் குறைவு, அதனாலேயே அது நினைவில் நிற்கும்.

வாட்ஸ்அப்பில் ‘வணக்கம் ஐயா’ என்று மட்டும் அனுப்பிவிட்டு அவர் பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். வணக்கத்தோடு விஷயத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.

11. இரவல் வாங்கிய புத்தகத்தை, அவர் கேட்பதற்கு முன்னால், உறை போட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

12. புத்தகத்துக்கு முன் இதழ்களில் எழுதுங்கள். கணையாழி, காலச்சுவடு போன்ற மாத இதழ்களோ நாளிதழின் நடுப்பக்கமோ, எங்கே பொருந்துமோ அங்கே. ஒரு அத்தியாயத்தின் சுருக்கம் கட்டுரையாக வந்தால், பதிப்பாளருக்கு உங்கள் பெயர் புதிதாக இருக்காது. அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. அந்தத் தொழிலில் இருந்த யாராவது படித்துவிட்டு, நீங்கள் எழுதியதில் இன்னின்னது தப்பு என்று இதழுக்குக் கடிதம் போடுவார். அவர் முகவரியை வாங்கிக்கொள்ளுங்கள், உங்களுக்கு அவர் வேண்டும்.

இதழில் உங்கள் கட்டுரையைக் கையில் எடுப்பவர் உதவி ஆசிரியர். தொள்ளாயிரம் சொல் கேட்டால் தொள்ளாயிரம் கொடுங்கள். ஆயிரத்து எண்ணூறு அனுப்பி ‘நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள்’ என்றால், உங்கள் வேலையை அவர் தலையில் கட்டுகிறீர்கள். ஒரே கட்டுரையை இரண்டு இதழுக்கு அனுப்பி, இரண்டிலும் வந்துவிட்டால், இரண்டு கதவும் மூடும். வெட்டிய இடத்தைப் பற்றிச் சண்டை போட வேண்டுமானால் உண்மை பிறழ்ந்த இடத்துக்கு மட்டும் போடுங்கள்.

13. கையெழுத்துப் பிரதியைப் படிக்க மூன்று பேர் போதும்: அந்தத் தொழில் தெரிந்தவர் ஒருவர், அதைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர் ஒருவர், உங்கள் தமிழைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் திருத்துகிற ஒருவர். மூன்றாமவர் உங்கள் மனைவியாகவோ கணவராகவோ இல்லாமல் பார்த்துக்கொள்வது குடும்பத்துக்கு நல்லது. இதே அளவு உழைப்பை அவர்களுடைய பிரதிக்கும் நீங்கள் தர வேண்டிவரும், அதற்கும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

14. வெளியீட்டு விழாக்களுக்குப் போங்கள். புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குங்கள். கேள்வி நேரத்தில் கேள்வி கேளுங்கள். ஒலிவாங்கி கைக்கு வந்ததும் ‘கேள்விக்கு முன் ஒரு சிறு அறிமுகம்’ என்று தொடங்குகிறவரை அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அந்தத் தெரிதல் உங்களுக்கு வேண்டாம்.

15. சென்னைப் புத்தகக் காட்சியில் பதிப்பாளரிடம் கையெழுத்துப் பிரதியை நீட்டாதீர்கள். புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி 1977 முதல் நடத்திவரும் அந்தக் காட்சி பொங்கலை ஒட்டி வரும். அந்த நாட்களில் அரங்குக்குள் நிற்பவர் வியாபாரி, பதிப்பாளர் இல்லை. பில் போடுவாரா, தீர்ந்துபோன புத்தகத்துக்குக் கிடங்குக்குப் போன் அடிப்பாரா, உங்கள் பிரதியை வாங்கிப் படிப்பாரா? வாங்கினாலும் அது அரங்கின் மேசைக்கடியில் அட்டைப் பெட்டிகளோடு கிடக்கும். கூட்டம் வருமுன், வாரநாள் மதியத்தில் போய் அவர்கள் போட்ட கட்டுரை நூல்களில் இரண்டை வாங்குங்கள், யாருக்கு எப்போது எழுதினால் வசதி என்று மட்டும் கேட்டுவிட்டு நகருங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பதிப்பகங்கள் காட்சிக்கான நூல்களை முடிக்கும் அவசரத்தில் இருக்கும், அப்போது அனுப்புவதும் வீண். பிப்ரவரி, மார்ச்தான் நல்ல காலம். கணக்கு முடிந்து, எது விற்றது எது விற்கவில்லை என்று தெரிந்து, அடுத்து என்ன போடலாம் என்று யோசிக்கும் மாதங்கள் அவை. சென்னையைவிட நிதானமாகப் பேச ஈரோடு போன்ற வெளியூர்க் காட்சிகள் தோது. ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்துகிறது. இப்போது மாவட்டந்தோறும் அரசே நடத்துவதால், தூத்துக்குடிக்காரர் பதிப்பாளரைப் பார்க்கச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை.

16. முழுப் பிரதிக்கு முன்னால் இரண்டு பக்க அறிமுகமும் ஓர் அத்தியாயமும் அனுப்புங்கள். அந்த இரண்டு பக்கத்தில் இவை இருக்கட்டும்: நூல் எதைப் பற்றி, யார் வாங்குவார்கள், அத்தியாயப் பட்டியல், ஏற்கெனவே வந்த நூல்களிலிருந்து எங்கே வேறுபடுகிறது, எத்தனை படங்கள், அவற்றுக்கு அனுமதி வாங்கியாயிற்றா, எப்போது முடிப்பீர்கள். கடைசிப் புள்ளியில் சொன்ன தேதியைக் காப்பாற்றுங்கள். முடியாது என்று தெரிந்தால் அந்தத் தேதிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பதிப்பகத்தின் பதிலுக்கு உரிய அவகாசம் கொடுத்து, பிறகு ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். ஒரே நேரத்தில் நாலு பதிப்பகத்துக்கு அனுப்பினால் நாலு பேரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள். பதிப்பு உலகில் எல்லோரும் எல்லோருக்கும் நண்பர்கள்.

17. ஒப்பந்தம் கேட்பது உறவைக் கெடுக்காது. ‘நமக்குள்ள எதுக்கு சார் பேப்பரெல்லாம்’ என்று யாராவது சொன்னால், அவரோடு உறவு நீடிக்க வேண்டும் என்பதற்காகவே பேப்பரைக் கேளுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும் என்கிறது. எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்தாண்டு, எந்தப் பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா என்றே பொருள்கொள்ளப்படும். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு உரிமைகளைத் தனித்தனி வரியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். ராயல்டிக்குப் பத்து சதவீதம் என்பது தமிழில் பலரும் பேசும் கணக்கு. சதவீதத்தைவிட முக்கியம், ஆண்டுக்கு ஒருமுறை எத்தனை பிரதி விற்றது என்று எழுத்தில் தருவாரா என்பது. ஒரு காலத்தில் ஆயிரத்து இருநூறு பிரதி என்பதுதான் ஒரு பதிப்பு. இப்போது தேவைக்கேற்ப நூறு, இருநூறு என்று அடிக்கிறார்கள். ஆகவே ‘பதிப்பு’ என்றால் எத்தனை பிரதி என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அழகாகக் கேட்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். வக்கீல் நோட்டீஸ் தொனி வேண்டாம்.

18. பக்கம் அமைப்பவரைப் பகைத்துக்கொண்டு எந்தப் புத்தகமும் ஒழுங்காக வந்ததில்லை. அவருக்கு வேண்டியது: யூனிகோடில் அடித்த கோப்பு, ஒரே எழுத்துரு, அலங்காரம் இல்லாத தலைப்புகள். வேர்டு கோப்புக்குள்ளேயே படங்களை ஒட்டி அனுப்ப வேண்டாம். படங்களைத் தனிக் கோப்பில், எடுத்த அளவிலேயே, ‘அத்தியாயம் 3 – படம் 2’ என்று பெயரிட்டு வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி, அச்சில் புள்ளி புள்ளியாக வரும். ‘டாக்குமெண்ட்’ என்று தேர்ந்து அனுப்புங்கள், அல்லது டிரைவில் போடுங்கள்.

கடைசி மெய்ப்பில் புதுப் பத்தி சேர்க்கக் கூடாது. ஒரு வரி கூடினால் பக்கம் தள்ளும், பக்கம் தள்ளினால் பின்னால் உள்ள சொல்லடைவு முழுக்கத் தப்பாகும். அதை ராத்திரி உட்கார்ந்து சரிசெய்கிறவர் அவர்தான்.

19. பிரதியைச் செப்பனிடுபவரோடு முதல் நாளே எழுத்துநடையை முடிவுசெய்துகொள்ளுங்கள். ‘முயற்சி செய்’ சேர்த்தா பிரித்தா, ஊர்ப்பெயர்கள் பழைய வழக்கிலா புதியதிலா, ஆண்டு எண்ணிலா எழுத்திலா. ஒரு பக்கத் தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொண்டால் பாதி மனஸ்தாபம் வராது. தமிழில் செப்பனிடுதல் ஒரு தனிக் கலை என்று 1974இல் தொடங்கிய க்ரியா பதிப்பகம் பல பத்தாண்டுகளாகக் காட்டியது. 1992இல் வந்த அவர்களுடைய தற்காலத் தமிழ் அகராதியை மேசைமேல் வைத்துக்கொண்டால் பல சண்டைகளை அதுவே தீர்த்துவைக்கும். பாத்தி, உப்பைக் குவித்த அம்பாரம், உப்பு வாரும் வாருபலகை போன்ற தொழில் சொற்களை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அவை உப்பளத்தில் சொல்லும்படியே இருக்கட்டும், ஏன் என்று அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

மெய்ப்புப் பார்ப்பவருக்குப் பக்கக் கணக்கில்தான் பணம். பதிப்பகம் கொடுக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் பெயரும், அட்டை வடிவமைத்தவர் பெயரும் நூல் விவரப் பக்கத்தில் வருகிறதா என்றும் பாருங்கள்.

20. நன்றிப் பக்கத்தை முதல் நாளிலிருந்தே எழுதத் தொடங்குங்கள். இதற்கு நம்மிடம் இருக்கும் முன்மாதிரி உ.வே. சாமிநாதையர். சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தவர், பின்னால் பதிப்பித்தவற்றிலும், எந்த ஏடு யாரிடமிருந்து கிடைத்தது என்று முகவுரைகளில் பெயர் சொல்லி எழுதினார். ஏடு தேடி எத்தனையோ வீடுகளுக்குப் போனவர், கொடுத்தவரை அச்சில் மறக்கவில்லை. தமக்கு வந்த கடிதங்களையும் பத்திரமாக வைத்திருந்தார். அவற்றில் 1877 முதல் 1900 வரையிலானவை ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து நூலாகவே வந்திருக்கின்றன. புரட்டிப் பார்த்தால் ஒரு பதிப்பாசிரியருக்கு எத்தனை வகை ஆட்கள் வேண்டியிருக்கிறார்கள் என்பது தெரியும்: ஆதீனத்தார், வக்கீல்கள், பள்ளி ஆசிரியர்கள், வெளிநாட்டு அறிஞர்கள், அச்சுக்கூடத்தார்.

‘பெயர் குறிப்பிட இயலாத பலருக்கும்’ என்று முடிப்பது சோம்பேறித்தனம். முதல் குறிப்பில் சொன்ன நோட்டைத் திறந்தால் பெயரெல்லாம் வரிசையாக இருக்கும். என்ன உதவி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ‘பேராசிரியருக்கு நன்றி’ என்பதைவிட ‘1930களின் கூலிப் பட்டியலைக் கண்டுபிடிக்க வழிசொன்ன பேராசிரியருக்கு’ என்பது அவருக்கும் பெருமை, அடுத்து ஆராய வருகிறவருக்கும் உதவி. இனிஷியலைச் சரிபாருங்கள். பெயர் பிழையாக வந்தால் போடாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

21. ஆசிரியர் பிரதிகள் கைக்கு வந்ததும் விமர்சகர்களுக்கும் பிரபலங்களுக்கும் அனுப்பும் பட்டியலை அப்புறம் போடுங்கள். முதலில் நோட்டில் இருப்பவர்கள். இலவசப் பிரதி பத்தோ இருபதோதான் கிடைக்கும், மிச்சத்தை ஆசிரியர் கழிவில் வாங்கிக்கொள்ளுங்கள், இந்தச் செலவை ஆரம்பத்திலேயே கணக்கில் வைத்திருக்க வேண்டும். நூலகங்களுக்கு ஒன்று. முள்ளக்காட்டுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கொடுக்கும்போது அவர்கள் பெயர் வரும் பக்கத்தில் ஒரு சீட்டு வைத்துக் கொடுங்கள், அதைத்தான் முதலில் தேடுவார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவர் என்றால் அந்தப் பக்கத்தை உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள், அல்லது பள்ளிக்கூடம் போகிற பேத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். நடுவில் நிறுத்தி, “அந்த வருசம் அம்பாரம் கரைஞ்சது ஐப்பசில இல்ல தம்பி, கார்த்திகைல” என்பார். மறுக்காதீர்கள், விளக்கமும் சொல்லாதீர்கள். உங்கள் சொந்தப் பிரதியில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் அவர் பெயரையும் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் பதிப்பு போகிறது என்று பதிப்பகத்திலிருந்து தொலைபேசி வந்தால், திருத்தம் அனுப்ப இரண்டு நாள்தான் கொடுப்பார்கள்.